மருதாணியா, மெஷினா, பேசாமல் இருப்பதா: 41 வயதில் ஒரு கைக்கணக்கு

எங்கள் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, இரண்டு கையிலும் பச்சை உண்டு. இடது முன்கையில் ஒரு சிக்குக் கோலம், வலது மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரு தேள், மோவாயில் ஒற்றைப் பொட்டு. வலங்கைமானில், குடமுருட்டிக் கரையோரத் தெருவில், பத்து வயதில் குத்தியது. இப்போது அதற்கு 86. போன ஆடி மாதம் அதன் கைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு இந்த ஆசை வந்தது. இந்தக் கோலத்தை என் கையில் வாங்கிக்கொண்டால் என்ன?

ஆசை வந்த கையோடு கணக்கும் வந்துவிட்டது. கும்பகோணத்தில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் 17 வருடமாகக் கணக்கு எழுதுகிறவள் நான். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் போட்டுப் பார்க்காமல் எனக்குப் புடவைகூட எடுக்க வராது. இருபது வயதில் இந்த ஆசை வந்திருந்தால் வீட்டில் விழுகிற அடியோடு விஷயம் முடிந்திருக்கும். 41 வயதில் அடிக்க யாரும் இல்லை. வீட்டுக்காரரைக் கேட்டேன். “உன் கை, உன் இஷ்டம். எம் பேர மட்டும் குத்திடாத” என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார். தடுக்க ஆள் இல்லாதபோதுதான் நாமே யோசிக்க வேண்டியிருக்கிறது.

யோசித்துப் பார்த்ததில் நாலு வழி தெரிந்தது. திருவிழாக் கடையில் நூறு, இருநூறுக்குக் குத்திக்கொள்வது. ஸ்டுடியோவில் மெஷினால் போடுவது. மருதாணி மாதிரி அழிகிற சாயத்தோடு நிறுத்திக்கொள்வது. நாலாவது, தைலத்தைத் தேய்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வருவது.

அப்பாயியிடம் சொன்னேன். “எனக்கென்ன கேட்டா குத்துனாங்க? பாண்டி ஆடிக்கிட்டு இருந்தவள எங்க ஆத்தா இழுத்தாந்து திண்ணையில உக்கார வச்சுது. குறத்தி கையப் புடிச்சு மடியில வச்சு ஊசியப் போட்டுட்டா” என்றது. நாலைந்து ஊசியை நூலால் சேர்த்துக் கட்டியிருப்பாளாம். பிள்ளை அழாமல் இருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்துவாளாம். கூலி ஒரு மரக்கால் நெல்லும் ஒரு பழைய சேலையும். மைக்கு அகத்திக்கீரையையும் மஞ்சளையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாகச் சுருட்டுவார்கள். விளக்கெண்ணெயில் அந்தத் திரியை எரித்து, மேலே புதுச்சட்டியைக் கவிழ்த்தால் கரி படியும். அதைச் சுரண்டித் தாய்ப்பாலிலோ தண்ணீரிலோ குழைத்தால் மை. கரி என்னவோ கறுப்புதான். தோலின் மேலடுக்குக்குக் கீழே போய் உட்கார்ந்ததும், வெளிச்சம் மேல்தோலில் சிதறி வருவதால் நம் கண்ணுக்கு நீலப்பச்சையாகத் தெரிகிறது. பச்சை என்ற பேர் அப்படித்தான் வந்திருக்க வேண்டும்.

எங்கள் அப்பா தலைமுறையில் யார் கையிலும் பச்சை இல்லை. ஒரே ஒருவருக்கு இருந்தது, அவரும் அழித்துவிட்டார். அப்பாயியின் மூத்த மகள், எங்கள் அத்தை. ஆசிரியர் பயிற்சிக்குப் போகிற பெண்ணின் கையில் நடவு ஆள் மாதிரிப் பச்சை என்னத்துக்கு என்று யாரோ சொல்ல, முந்திரிக்கொட்டைப் பாலைத் தடவிக்கொண்டார். தோல் வெந்து, பச்சை போய், சூடு பட்டது மாதிரி ஒரு தழும்பு நின்றுவிட்டது. ஓய்வு பெறும்வரை முழங்கை மறைகிற ரவிக்கைதான். நான் கேட்டதும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் தோல உரிச்சு எடுத்தத நீ காசு குடுத்துக் குத்திக்கப் போறியா?” நியாயமான கேள்விதான். அன்றைக்குப் பச்சை என்றால் கூலிக்காரியின் அடையாளம். இன்றைக்கு டாட்டூ என்றால் காசு உள்ளவளின் அடையாளம். ஊசி அதே வேலையைத்தான் செய்கிறது.

எங்கள் பக்கத்துக் கிழவர்கள் சிலர் கையில் இரட்டை இலை இருக்கும், எம்.ஜி.ஆர். காலத்தில் குத்திக்கொண்டது. அவர் போன பிறகு கட்சி இரண்டாகி, சேர்ந்து, மறுபடி உடைந்து எத்தனையோ ஆகிவிட்டது. கையில் இலை மட்டும் அப்படியே இருக்கிறது. தேர்தல் நாளில் அந்தக் கையால் வேறு எதற்காவது ஓட்டுப் போடுகிறார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

திருவிழாக் கடையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. என் கொழுந்தனார் கதையே போதும். 22 வயதில் ஒரு திருவிழாக் கூட்டத்தில் 150 ரூபாய் கொடுத்து ஒரு பெண்ணின் பெயரை முன்கையில் குத்திக்கொண்டார். ஒரு வாரம் கை வீங்கிச் சீழ் பிடித்து, ஊசி போட்டுக்கொண்டு வந்தார். புண் ஆறிவிட்டது. கல்யாணம் வேறு பெண்ணோடு நிச்சயமானது. இருக்கிற எழுத்தை மறைக்க வேண்டுமானால் அதைவிடப் பெரிதாக, அதைவிட அடர்த்தியாக ஒன்றைப் போட வேண்டும். அஞ்சு எழுத்து இருந்த இடத்தில் இப்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் ஒரு மிருகம் உட்கார்ந்திருக்கிறது. “புலி நல்லாத்தான் இருக்கு தம்பி” என்றேன். “சிங்கம் அண்ணி அது” என்றார்.

சீழை விட எனக்குப் பெரிய பயம் வேறு. அந்தக் கடைகளில் ஊசியையே மாற்றினாலும், எல்லோருக்கும் ஒரே மைக்கிண்ணத்தில் தோய்த்தால் முன்னால் உட்கார்ந்தவரின் ரத்தம் மையில் கலந்துவிடும். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் அது வழி. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது. வளைகுடா விசாவுக்கு மெடிக்கல் எடுக்கும்போது இந்த மூன்றையும் பார்ப்பார்கள், ஒன்று இருந்தாலும் பயணம் நின்றுவிடும். 150 ரூபாய்க்கு அவ்வளவு பெரிய சீட்டு கட்ட முடியாது. இந்த வழியை அன்றே அடித்துவிட்டேன்.

மருதாணியை முதலில் விளையாட்டாகத்தான் எடுத்தேன். பிறகு பார்த்தால் முடிவில் பாதியை அதுதான் எடுத்துக் கொடுத்தது. யோசனை ஆடியில் வந்ததும் ஒரு தோது, அந்த மாதத்தில் மருதாணி வைக்காத வீடு எங்கள் பக்கம் குறைவு. கொல்லையில் பறித்துக் கொட்டைப்பாக்கு சேர்த்து அரைத்து, துடைப்பக் குச்சியால் அப்பாயியின் கோலத்தை என் கையில் இழுத்தேன். மருதாணி இலையில் லாசோன் என்று ஒரு சாயப்பொருள் இருக்கிறது. அது மேல்தோலில் மட்டும் பிடிக்கும், அந்தத் தோல் உதிர உதிர ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். உள்ளங்கையில் தோல் தடிப்பு என்பதால் நன்றாகச் சிவக்கும், முன்கையில் கொஞ்சம் சோகையாகத்தான் பிடிக்கும். பச்சையின் நிறம் வேண்டுமென்று இரண்டாம் தடவை ஜகுவா வாங்கிப் பார்த்தேன். தென் அமெரிக்காவில் விளைகிற ஒரு காயின் சாறு, மறுநாள் நீலக்கறுப்பாகத் தெரிகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் நிஜமென்றே நினைப்பார்கள். எதுவானாலும் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து, இரண்டு நாள் அரிப்பு இல்லையென்று பார்த்துக்கொண்டு போட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை, முக்கியமாக என் வயதுக்காரிகளுக்கு. கடையில் ‘கறுப்பு மருதாணி’ என்று கோன் விற்கிறார்கள். மருதாணி ஒருநாளும் கறுப்பாகப் பிடிக்காது. சீக்கிரம் கறுக்க வேண்டுமென்று அதில் தலைச்சாயத்தில் போடுகிற பி.பி.டி.யைக் கலப்பதுண்டு. சிலருக்கு அது கொப்புளம் போட்டு, போட்ட டிசைன் அப்படியே தழும்பாக நின்றுவிடும். ஒருமுறை உடம்பு அதற்கு எதிரியாகிவிட்டால் அப்புறம் அது கலந்த டையைத் தலைக்கு அடிக்கும்போதெல்லாம் முகம் வீங்கலாம். நரையை மறைக்கிற வயதில் கைக்குப் போட்ட கோன் தலைக்கு வினையாக வேண்டாம்.

நாலு மாதத்தில் மூன்று முறை போட்டுக்கொண்டேன். முதல் முறை மணிக்கட்டில். வளையலும் வாட்சும் மேலேயே உராய்ந்து, கம்ப்யூட்டர் மேசை விளிம்பு வேறு இடித்து, நாலே நாளில் பாதிக் கோலம்தான் மிச்சம். நிஜமாகக் குத்தியிருந்தால் ஆறுகிற காலம் முழுக்க அந்த இடம் உராய்ந்துகொண்டே இருந்திருக்கும். இரண்டாம் முறை புறங்கையில். பேரேட்டைப் புரட்டுகிறபோதெல்லாம் வாடிக்கையாளர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கையைப் பார்த்தார்கள். ஆடிட்டர் சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் நிறையச் சொல்கிறார் என்று அர்த்தம். மூன்றாவது உள்முன்கையில், முழங்கை மடிப்புக்கு நாலு விரல் கீழே. வேண்டுமென்றால் காட்டலாம், வேண்டாமென்றால் கையைத் தொங்கவிட்டால் போதும். ஏழாம் நாள் அது இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. பன்னிரண்டாம் நாள் குளிக்கும்போது மங்கியிருந்ததைப் பார்த்துக் கொஞ்சம் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை வரவுப் பக்கம் எழுதிக்கொண்டேன்.

அக்கா மகன் துணை ராணுவத் தேர்வுக்குப் படிக்கிறான். “சித்தி, நானும்” என்றான். அவனுக்கு இது வேறு கணக்கு. மத்திய ஆயுதப் படைகளில் சல்யூட் அடிக்காத இடது கையின் உள்முன்கையிலோ புறங்கையிலோதான் அனுமதி, அதுவும் அந்த உறுப்பில் கால் பங்குக்குள் அடங்க வேண்டும். வேலை கிடைக்கட்டும், அப்புறம் வா என்று அனுப்பிவிட்டேன்.

ஸ்டுடியோவுக்கு வருவோம். இரண்டு இடத்தில் போய் விசாரித்தேன். முதல் கடையில் உட்கார்ந்ததுமே “வலிக்கவே வலிக்காதுக்கா, எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்” என்றார்கள். ஊசி பற்றிக் கேட்டதற்கு “எல்லாம் புதுசுதான்” என்றார்கள், காட்டவில்லை. அதற்குமேல் அங்கே எனக்கு வேலை இல்லை. இரண்டாவது கடைப் பையன் என் மருமகன் வயதுதான் இருப்பான். வலிக்கும் என்றான், முழங்கை மடிப்பை நெருங்க நெருங்கக் கூடுதலாக வலிக்கும் என்றான். ஊசி ஒட்டிய உறையில் வருகிறது, காலாவதித் தேதியை நீங்களே பார்த்த பிறகு உங்கள் முன்னால் கிழிப்பேன், மையைச் சின்ன மூடியில் உங்களுக்கென்று ஊற்றுவேன், மிச்சத்தைத் தூர ஊற்றிவிடுவேன், மறுபடி பாட்டிலில் சேர்க்க மாட்டேன் என்று வரிசையாகச் சொன்னான். முடி மழிக்கப் புது ரேசர், கையுறை, மறுபடி பயன்படுத்துகிற சாமானுக்கு, நீராவியில் கிருமியைக் கொல்லுகிற ஆட்டோகிளேவ். “சுகர் இருக்காக்கா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறீங்களா?” என்று அவனே கேட்டான். அவன் கேட்ட கேள்விக்காகவே அவனிடம் குத்திக்கொள்ளலாம் என்று தோன்றியது.

டாட்டூக் கடை ஆஸ்பத்திரி ஆகாது என்பதும் நினைவில் இருக்கட்டும். 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பாம்பு நாக்கு மாதிரிப் பிளந்துவிட்டதாக ஒரு டாட்டூக் கடையைச் சேர்ந்த இரண்டு பேரைக் கைது செய்து கடைக்கு சீல் வைத்தார்கள். தோலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தோடு அந்தக் கைகளின் வேலை முடிந்துவிட வேண்டும்.

அந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் விஷயமே. மேல்தோல் உதிர்ந்துகொண்டே இருப்பது, மருதாணி அதில்தான் பிடிக்கிறது. டாட்டூ மை அதற்குக் கீழே உள்தோலில் இறங்குகிறது. அந்நியப் பொருள் வந்துவிட்டதென்று உடம்பின் துப்புரவு அணுக்கள் அதை விழுங்குகின்றன, ஆனால் செரிக்க முடிவதில்லை. அந்த அணு செத்தால் மை வெளியே விழும், அடுத்து வந்த அணு அதையே விழுங்கிக்கொள்ளும். 2018-ல் பிரான்சு ஆய்வாளர்கள் எலிகளில் இதைக் காட்டினார்கள். குத்தகைக்காரர் மாறினாலும் நிலம் அதே இடத்தில் கிடப்பது மாதிரி. மேலே பூசுகிற எந்தக் க்ரீமும் பச்சையை அழிக்காது என்பதற்கும் இதுதான் காரணம்.

அழிக்க லேசர் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. லேசர் மையைப் பொடியாக உடைக்கும், அந்தப் பொடியை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக்கொண்டு போகும். ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளிவிட்டுப் பல சிட்டிங் போக வேண்டும், ஒரு வருடம் சர்வசாதாரணமாக ஓடிவிடும். நம் மாதிரி மாநிறத் தோலில் இன்னொரு சிக்கல் உண்டு. தோலின் சொந்த நிறமியும் லேசரின் வெளிச்சத்தைக் குடிக்கும், அதனால் பச்சை போன இடத்தில் வெள்ளையாகவோ கூடுதல் கறுப்பாகவோ திட்டு விழலாம். கறுப்பு மை 1,064 நானோமீட்டர் லேசருக்கு நன்றாக மசியும், நம் தோலுக்கு அந்த அலைநீளம்தான் ஓரளவு பத்திரமானதும்கூட. பச்சை, நீலச் சாயங்களுக்கு வேறு லேசர் தேடிப் போக வேண்டும். மஞ்சளும் வெள்ளையும் முதலில் நம் தோலில் எடுப்பாகவே தெரியாது. ஆக, போடுவதானால் கறுப்பு மட்டும். வெளியேறுகிற கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு உள்ளே நுழைகிற ஆள் நான். எங்கள் அத்தைக்கு முந்திரிப்பால்தான் கதவு.

உங்கள் தோல் எப்படி ஆறும் என்று தெரிந்துகொள்ள நம் பெண்களுக்கு ஒரு வசதி உண்டு, ஏற்கெனவே காதும் மூக்கும் குத்தியிருக்கிறோம். குத்திய இடத்தில் நாவல்பழக் கொட்டை மாதிரி தடித்து வளர்ந்திருந்தால், அதைக் கெலாய்டு என்பார்கள், டாட்டூ பக்கமே போக வேண்டாம். ஆண்கள் தடுப்பூசித் தழும்பு, பழைய வெட்டுக்காயத்தைப் பார்க்கலாம். அப்படித் தடிக்கிறவர்களுக்கு நெஞ்சும் தோளும் ரொம்ப மோசமான இடங்கள். சோரியாசிஸ் இருந்தால் ஊசி பட்ட இடத்திலேயே அது கிளம்பலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் தள்ளிப்போடுவது நல்லது. நாற்பதைத் தாண்டியவர்கள் ஒரு தடவை சுகர் பார்த்துவிட்டுப் போங்கள், கட்டுப்பாட்டில் இல்லாத சுகரில் புண் சீக்கிரம் ஆறாது. நான் பார்த்தேன். வெறும் வயிற்றில் 96. காதும் சுத்தம்.

பெயர் எழுதுவதைப் பற்றிக் கொழுந்தனார் கையே பேசுகிறது. கோலத்துக்கு வேறு பிரச்சினை. மை வருடக்கணக்கில் மெல்லப் பரவும். அப்பாயியின் கை 76 வருடம் கழித்து என்ன ஆகும் என்பதற்கு உயிருள்ள மாதிரி. கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, சிக்கு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்றே தெரியவில்லை. ஸ்டுடியோப் பையனிடம் போட்டோவைக் காட்டினேன். இரண்டு அங்குலத்துக்குள் வேண்டுமென்று நான் பிடிவாதம் பிடிக்க, அதற்குள் அடைத்தால் பத்து வருடத்தில் கோலம் கறையாகிவிடும் என்றான். உயரம் இரண்டரை, அகலம் இரண்டு. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே காற்று போகிற மாதிரி இடம் விட வேண்டும் என்றான். சதுர அங்குலத்துக்கு 500 ரூபாய். அஞ்சு சதுர அங்குலம், 2,500 ரூபாய். மெல்லிழைக் கோலத்தைச் சின்னதாகப் போட்டால் அழகு என்று நினைக்கிறவர்கள் ஒரு பாட்டியின் கையைப் போய்ப் பாருங்கள்.

செலவுப் பக்கத்தில் நான் எதிர்பாராமல் வந்து உட்கார்ந்தது ரத்தம். எனக்கு ஓ நெகட்டிவ். வருடத்தில் இரண்டு தடவையாவது யாராவது கூப்பிடுவார்கள், போய்க் கொடுத்துவிட்டு வருவேன். டாட்டூ போட்டால் 12 மாதம் ரத்தம் கொடுக்கக் கூடாது என்பது நாட்டின் ரத்த வங்கி விதி. பெண்களுக்கு இரண்டு தானத்துக்கு நடுவே 120 நாள் இடைவெளி, ஆக வருடத்தில் அதிகம் போனால் மூன்று முறை. அந்த மூன்றும் போகும். இரவு பத்து மணிக்குப் பிரசவ வார்டிலிருந்து அழைப்பு வந்து, கையில் கோலம் போட்டிருக்கிறேன், வர முடியாது என்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் நாலாவது வழி, அதாவது சும்மா இருப்பது, இந்த இடத்தில் ஜெயித்துவிட்டது. ஒரு மாதம் போல அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கும் ஓ நெகட்டிவ் என்று தெரிந்தது. அவள் எண்ணையும் ரத்த வங்கியில் எழுதிவைத்தேன். கணக்கு முழுதாக நேராகவில்லை, ஓரளவு சமாளித்தேன்.

சும்மா இருப்பதைத் தோல்வி மாதிரிப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. செத்தவர் முகத்தைக் கருமாதிக்கு முன்னால் குத்திக்கொள்ளப் போகிறவர், காதல் முறிந்த வாரத்தில் போகிறவர், நாலு நண்பர்களில் மூன்று பேர் போட்டுவிட்டதால் போகிறவர், இவர்களெல்லாம் ஒரு வருடம் சும்மா இருக்கலாம். ஒரு வருடம் கழித்தும் அதே படம், அதே இடம் தோன்றினால் போகட்டும். என் கணவர் நாலு வருடமாக முருகன் வேலைத் தோளில் போட வேண்டுமென்கிறார், ஒவ்வொரு முறையும் வேல் வேறு மாதிரி இருக்கிறது. அவர் போடாமல் இருப்பதே முருகனுக்கு நல்லது.

எப்போது போடுவது என்பதில் ஊரே முடிவெடுத்துவிட்டது. புதுப் பச்சை என்பது ஒரு புண். மேலே ஆற இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை குழாய்த் தண்ணீரில் மிதமான சோப்புப் போட்டுக் கழுவலாம், மெல்லிசாகக் களிம்பு தடவலாம், ஆனால் ஆறு, குளம், சேறு கூடாது, வெயிலும் கூடாது. பொருக்கைப் பிய்க்கக் கூடாது. மஞ்சள், விபூதி, அத்தை கொடுக்கிற பச்சிலை எதுவும் கூடாது. இதை டெல்டா நாட்காட்டியில் பொருத்திப் பாருங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் வாய்க்காலில் தண்ணீர், நாற்றங்காலில் சேறு. ஆடிப்பெருக்கில் ஆற்றில் இறங்காமல் இருக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, போட்ட துணி காயாது, புண் எங்கே காயும். சித்திரையில் வெயில் கொளுத்தும். சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கிற மாசிதான் மிச்சம். அதிலும் மாசி மகத்தன்று மகாமகக் குளத்தில் தலை நனைக்காமல் கும்பகோணத்தில் வேலை பார்க்க முடியாது, அதனால் அதற்கு மறு வாரம். ஆடியிலிருந்து மாசிக்கு ஏழு மாதம் இருந்தது இன்னொன்றுக்கும் உதவியது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முதல் நாள், ஒரு மாதம், ஆறு மாதம் என்று மூன்று தவணை. என் வயதுக்காரர்கள் பெரும்பாலும் குழந்தையில் போட்டிருக்க மாட்டோம். மூன்றும் முடிந்துவிட்டது.

ஆக, என் கணக்கில் மருதாணி ஒத்திகை, ஸ்டுடியோ அரங்கேற்றம். இரண்டில் ஒன்று என்று நான் பார்க்கவில்லை. மூன்று முறை அழிகிற சாயத்தில் போட்டுப் பார்க்கும் பொறுமை இல்லாதவர்கள் அழியாததற்குப் போக வேண்டாம் என்பேன். அந்த மூன்றாவது கோலம் மங்கியபோது எனக்குக் கோபம் வராமல் நிம்மதி வந்திருந்தால், இந்த மாசியில் நான் எங்கேயும் போக மாட்டேன்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. கோலத்தின் அசல். அப்பாயியின் கையில் எண்ணினால் ஒருநாள் 11 புள்ளி வந்தது, மறுநாள் 12. பட்டர் பேப்பரை வைத்து இழுத்துப் பார்த்தால் சுருக்கம் எது, கோடு எது என்று பிடிபடவில்லை. கேட்டேன். அப்பாயி கையைப் பார்க்கவே இல்லை. சிமெண்டுத் தரையில் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்து விரலால் புள்ளி வைத்தது. ஒன்று, மூன்று, அஞ்சு, மூன்று, ஒன்று. மொத்தம் 13. விரலை எடுக்காமல் சிக்கை ஒரே இழுப்பில் சுற்றிவிட்டு நிமிர்ந்தது. காய்வதற்குள் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

“எம்புட்டுக் கேக்குறான்?” என்றது.

“2,500 ரூபா அப்பாயி.”

அதற்கு ரூபாயில் சொன்னால் விளங்காது. 2025–26 பருவத்தில் கொள்முதல் நிலையத்தில் பொது ரக நெல் குவிண்டால் 2,500 ரூபாய். சிப்பம் 40 கிலோ. சொன்னேன்.

“ரெண்டரை மூட்டை நெல்லா?” வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு இரண்டு கையையும் என் முன்னால் நீட்டியது. “ஒரு மரக்காலுக்கு எனக்கு ரெண்டு கையிலயும் குத்துனா. தேள் சும்மா குடுத்தது. நீ போய் பேரம் பேசு, இல்லாட்டி என்னயக் கூட்டிக்கிட்டுப் போ.”